ஒரே சாவி, இரண்டு கன்டெய்னர்: வாலிடேட்டர் நோடை டாக்கர் எளிதாக்கியது... பொறுப்பை?

2023 ஏப்ரல் 13. எத்தேரியம் பிளாக்செயினில் 11 வாலிடேட்டர்கள் ஒரே நாளில் தண்டிக்கப்பட்டன. லிடோ என்ற பெரிய ஸ்டேக்கிங் சேவைக்காக அவற்றை இயக்கியது, இதையே தொழிலாகச் செய்யும் ஒரு நிறுவனம். ஹேக்கர் யாரும் உள்ளே புகவில்லை. சாவி திருடு போகவில்லை. சர்வர் படுக்கவும் இல்லை. சொல்லப்போனால் தேவைக்கு அதிகமாகவே ஓடியது. அதே சாவிகள் இரண்டு கிளஸ்டர்களில் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தன. அவ்ளோதான் குற்றம்.

ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். ஆபீஸில் ஒரு சர்வீஸை ரெண்டு இடத்தில் ஓட விடுபவர்தான் கெட்டிக்காரர். ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும். கன்டெய்னர் விழுந்தால் தானே எழ வேண்டும். மெஷின் செத்தால் வேறு மெஷினில் அதே கன்டெய்னர் சில நொடிகளில் பிறக்க வேண்டும். டாக்கர் பிரபலமானதே இதற்காகத்தான். ஆனால் வாலிடேட்டர் நோடு விஷயத்தில் இந்தப் பழக்கங்களில் பாதி தப்பு. சில பழக்கங்கள் பணத்தைக் காலி செய்யும் அளவுக்குத் தப்பு.

வாலிடேட்டர் என்ன வேலை செய்கிறது?

2022 செப்டம்பர் 15 அன்று எத்தேரியம் மைனிங்கைக் கைவிட்டது. அதற்குப் பிறகு புது பிளாக்குகளைச் சரிபார்ப்பது மின்சாரம் தின்னும் கிராபிக்ஸ் கார்டுகள் அல்ல, டெபாசிட் கட்டியவர்கள். ஒரு வாலிடேட்டருக்குக் குறைந்தபட்சம் 32 ஈதர். 2025 ஆகஸ்ட்டில் ஈதர் விலை உச்சத்தில் இருந்தபோது இந்தத் தொகை 1 கோடி ரூபாயைத் தாண்டியது.

12 நொடிக்கு ஒரு ஸ்லாட். 32 ஸ்லாட் சேர்ந்தது ஒரு இபாக், அதாவது 6.4 நிமிடம். ஒவ்வொரு இபாக்கிலும் ஒவ்வொரு வாலிடேட்டரும் ஒருமுறை, 'இந்தச் சங்கிலிதான் சரி' என்று தன் சாவியால் கையொப்பமிட்டு ஓட்டுப் போட வேண்டும். ஒரு நாளைக்கு 225 ஓட்டு. எப்போதாவது குலுக்கலில் தன் முறை வந்தால் ஒரு பிளாக்கைத் தானே முன்வைக்க வேண்டும். வேலை இவ்வளவுதான். இதற்குக் கிடைக்கும் வருமானம் ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம், அதுவும் ஈதரில். பேங்க் எஃப்டியே இதைவிட அதிகம் கொடுக்கும் என்பது வேறு விஷயம்.

டாக்கர் உண்மையிலேயே நல்லது செய்த இடம்

மெர்ஜுக்குப் பிறகு ஒரு நோடு என்பது ஒரு மென்பொருள் அல்ல, குறைந்தது இரண்டு. பரிவர்த்தனைகளை இயக்கிப் பார்ப்பது எக்ஸிக்யூஷன் கிளையன்ட்: கெத், நெதர்மைண்ட், பெசு, எரிகான், ரெத். ஓட்டுப் போடும் விதிகளைப் பார்ப்பது கன்சென்சஸ் கிளையன்ட்: லைட்ஹவுஸ், பிரிஸம், டெக்கு, நிம்பஸ், லோட்ஸ்டார். இவை இரண்டும் 8551 என்ற போர்ட்டில், ஒரு ரகசியக் கோப்பைப் பகிர்ந்துகொண்டு பேசிக்கொள்ளும். இதற்கு மேல் கையொப்பமிடும் வாலிடேட்டர் கிளையன்ட் தனி. எல்லாவற்றையும் கண்காணிக்க பிராமிதியஸ், கிராஃபானா.

இதில் ஒன்று கோ மொழியில் எழுதப்பட்டது, இன்னொன்று ஜாவாவில், மற்றொன்று ரஸ்ட்டில். ஒரே லினக்ஸ் மெஷினில் இவற்றைத் தனித்தனியாக நிறுவி, வெர்ஷன் பொருத்தி, சர்வீஸ் எழுதி ஓட விடுவது வார இறுதியை விழுங்கும் வேலை. டாக்கர் கம்போஸ் அதை ஒரே கோப்பில் அடக்கிவிட்டது. எந்த இமேஜ், எந்த வெர்ஷன், எந்த வால்யூம், எந்த போர்ட் என்று அந்தக் கோப்பில் எழுதி வைத்துவிட்டு 'டாக்கர் கம்போஸ் அப்' என்று அடித்தால் எல்லாம் வரிசையாக எழுந்து நிற்கும். 'எத்-டாக்கர்' போன்ற ஓப்பன் சோர்ஸ் திட்டங்கள் அந்தக் கோப்பையும் தயாராகவே தருகின்றன. நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். ராக்கெட் பூல், டாப்நோடு ஆகியவையும் உள்ளே டாக்கரைத்தான் வைத்திருக்கின்றன.

ஹார்டுவேர் தயாராக இருந்தால் ஒரு மணி நேரத்தில் கன்டெய்னர்கள் ஓடத் தொடங்கிவிடும். செக்பாயின்ட் சின்க் மூலம் கன்சென்சஸ் பக்கம் சில நிமிடங்களில் நிகழ்காலத்துக்கு வந்துவிடும். எக்ஸிக்யூஷன் பக்கம் பல மணி நேரம் எடுக்கும், சில கிளையன்ட்டுகளுக்கு ஒரு நாளும் தாண்டும். இங்கே டிஸ்க்தான் ராஜா. 2 டிபி என்விஎம்இ போதும் என்று சொல்லிவந்த காலம் போய், இப்போது புதிதாக வாங்குபவர்களுக்கு 4 டிபி என்றுதான் பரிந்துரை. 2025 ஜூலையில் மெர்ஜுக்கு முந்தைய பழைய வரலாற்றை அழித்துக்கொள்ளும் வசதி வந்து, 300 முதல் 500 ஜிபி வரை மிச்சமானது ஒரு ஆறுதல். மலிவான கியூஎல்சி வகை எஸ்எஸ்டி வாங்கி மாட்டிவிட்டு, நோடு ஏன் பின்தங்கியே ஓடுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. டாக்கரால் அதைச் சரிசெய்ய முடியாது.

சாவி தயாரிப்பது மட்டும் கன்டெய்னர் வேலை அல்ல. இன்டர்நெட் இணைப்பு இல்லாத மெஷினில், அதிகாரபூர்வ டெபாசிட் கருவியை வைத்துச் செய்ய வேண்டியது. 24 சொற்கள் வரும். அவை காகிதத்தில் இருக்க வேண்டும்; போனில் ஸ்கிரீன்ஷாட்டாக அல்ல. சர்வருக்குப் போவது கையொப்பச் சாவி மட்டும். பணத்தை எடுக்கும் சாவி சர்வர் பக்கமே வரக்கூடாது.

'ரெண்டு ஓட்டினா சேஃப்' என்ற நினைப்பு

இங்கேதான் விஷயம் சூடாகிறது. எத்தேரியம் இரண்டு குற்றங்களை இரண்டு விதமாகப் பார்க்கிறது. வேலைக்கு வராமல் இருப்பது சிறு குற்றம். ஒரே ஸ்லாட்டுக்கு இரண்டு முரண்பட்ட கையொப்பம் போடுவது பெரும் குற்றம், ஸ்லாஷிங்.

முதலாவதற்கு என்ன செலவாகும்? ஈதர் விலை 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 32 ஈதர் என்பது 96 லட்சம். 3 சதவீத வருமானத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 800 ரூபாய். நோடு ஒரு நாள் முழுக்கப் படுத்தால் அந்த 800 வராது. அதைவிடச் சற்றுக் குறைவான தொகை அபராதமாகப் போகும். கரன்ட் கட், பிராட்பேண்ட் தகராறு, எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். வலிக்கும், ஆனால் தூக்கம் கெடாது.

இரண்டாவது அப்படியல்ல. வாலிடேட்டர் கட்டாயமாக வெளியேற்றப்படும், அதற்குப் பிறகு சுமார் 36 நாள் பணம் உள்ளேயே கிடக்கும். அந்த நாட்களில் ஓட்டு கணக்கில் வராததற்கான அபராதம் தொடரும். ஆரம்ப அபராதம் முன்பு 1 ஈதராக இருந்தது. 2025 மே 7 அன்று வந்த பெக்ட்ரா அப்டேட்டுக்குப் பிறகு 32 ஈதருக்கு 0.0078 ஈதர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. 'அப்புறம் என்ன பயம்?' என்று கேட்பவர்கள், பாதிவழியில் வரும் இன்னொரு அபராதத்தை மறந்துவிடுகிறார்கள். அதே காலகட்டத்தில் நெட்வொர்க்கில் எவ்வளவு பேர் ஸ்லாஷ் ஆனார்களோ, அதற்கு ஏற்ப இது ஏறும். தனி ஆள் தப்பு செய்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நெட்வொர்க்கின் மூன்றில் ஒரு பங்கு ஒன்றாகத் தப்பு செய்தால், போட்ட பணம் முழுதும் போகும்.

அதாவது, டாக்கரின் வேலை எல்லா மெஷினையும் ஒரே மாதிரி ஆக்குவது. எத்தேரியத்தின் தண்டனைக் கணக்கோ, ஒரே மாதிரி தப்பு செய்பவர்களைத்தான் கடுமையாக அடிக்கிறது. இந்த முரணைப் பற்றி எந்த 'பத்தே நிமிடத்தில் வாலிடேட்டர்' வீடியோவும் வாய் திறப்பதில்லை.

ஸ்லாஷிங் நடக்கும் விதம் பெரும்பாலும் படு சாதாரணமானது. ஒருவரின் வீட்டு மெஷின் கரன்ட் போய் அணைந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அவசரமாக ஒரு கிளவுட் சர்வர் எடுத்து, அதே கம்போஸ் கோப்பு, அதே சாவிகளை ஏற்றி ஓட விடுகிறார். கன்டெய்னர் பச்சை. ஓட்டு விழுகிறது. நிம்மதி. ராத்திரி 2 மணிக்கு வீட்டில் கரன்ட் வருகிறது. பழைய மெஷின் தானே பூட் ஆகிறது. கம்போஸ் கோப்பில் ரீஸ்டார்ட் பாலிசி 'அன்லெஸ் ஸ்டாப்ட்' என்று இருக்கிறது. அந்தக் கன்டெய்னரை யாரும் கையால் நிறுத்தவில்லை, கரன்ட் போனதுதான் நிறுத்தியது. எனவே டாக்கர் தன் கடமையைச் செய்கிறது, பழைய கன்டெய்னரைத் தட்டி எழுப்புகிறது. இப்போது ஒரே சாவி, இரண்டு இடம். யாரும் எந்த பட்டனையும் அழுத்தவில்லை.

இதைத் தடுக்க வாலிடேட்டர் கிளையன்ட் தன்னிடம் ஒரு சின்ன டேட்டாபேஸ் வைத்திருக்கும்: கடைசியாக எதற்குக் கையொப்பமிட்டேன் என்ற பதிவு. ஆனால் அது அந்த மெஷினின் வால்யூமில் இருக்கிறது. புது மெஷினுக்கு அது தெரியாது. கிளையன்ட்டுகளுக்கு இடையே இந்தப் பதிவை மாற்றிக்கொள்ள ஒரு பொது வடிவம் இருக்கிறது. மெஷின் மாற்றும்போது சாவியோடு இதையும் எடுத்துப் போக வேண்டும். பழைய மெஷின் செத்துவிட்டது, பதிவை எடுக்க முடியவில்லை என்றால்? காத்திருப்பதுதான் வழி. பழைய மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சில இபாக் கடந்த பிறகு புதியதைத் தொடங்குவது. டாப்பல்கேங்கர் பாதுகாப்பு என்ற வசதியை ஆன் செய்தால், கிளையன்ட்டே தொடக்கத்தில் இரண்டு மூன்று இபாக் சும்மா இருந்து, தன் சாவி வேறெங்காவது ஓட்டுப் போடுகிறதா என்று வேவு பார்க்கும். 15, 20 நிமிட வருமானம் போகும். மேலே சொன்ன கணக்கில் அது 11 ரூபாய்.

11 ரூபாய்க்காக அந்த வசதியை ஆஃப் செய்து வைத்திருப்பவர்களை என்னவென்று சொல்வது!

டாக்கர் சொல்லாமல் செய்யும் சில காரியங்கள்

'டாக்கர் கம்போஸ் டவுன்' என்றால் கன்டெய்னர்கள் நின்று, நீங்கும். அதோடு 'மைனஸ் வி' சேர்த்தால் வால்யூம்களும் போய்விடும். டெவலப்பர்களுக்கு இது கைப்பழக்கம். சோதனை டேட்டாவைத் துடைக்க தினமும் அடிப்பது. நோடில் அடித்தால் பல நூறு ஜிபி சங்கிலி மட்டுமல்ல, அந்தக் கையொப்பப் பதிவும் சேர்ந்து போகும். சங்கிலியைத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம்.

கன்டெய்னரை நிறுத்தச் சொன்னால் டாக்கர் இயல்பாக 10 நொடிதான் பொறுமை காக்கும், பிறகு கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடும். வெப் சர்வருக்கு 10 நொடி தாராளம். கெத் போன்ற கிளையன்ட்டுக்கு நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி முடிக்க அது போதாமல் போகலாம். டேட்டாபேஸ் கெட்டு, முதலிலிருந்து சின்க். கம்போஸ் கோப்பில் இந்த நேரத்தை 5 நிமிடமாக்க ஒரே ஒரு வரி போதும்.

லாக் இன்னொரு கதை. டாக்கரின் இயல்பான லாக் முறையில் சுழற்சி கிடையாது. நோடு நொடிக்கு நொடி எழுதிக்கொண்டே இருக்கும். கோப்பு மாதக்கணக்கில் வளர்ந்து டிஸ்க்கை நிரப்பும். டிஸ்க் நிரம்பிய நோடு நின்றுவிடும். உச்சவரம்பை முதல் நாளே போட்டுவிட்டால் பிரச்சினை இல்லை.

எல்லாவற்றையும்விட மோசமானது ஃபயர்வால். உபுண்டுவில் 'யூஎஃப்டபிள்யூ' போட்டு எல்லாவற்றையும் பூட்டிவிட்டேன் என்று நம்புபவர், கம்போஸ் கோப்பில் 8545 போர்ட்டை வெளியே திறந்து வைத்திருந்தால், அது உலகத்துக்கே திறந்திருக்கும். டாக்கர் தன் விதிகளை நேரடியாக ஐபிடேபிள்ஸில் எழுதுகிறது, யூஎஃப்டபிள்யூவைக் கேட்பதில்லை. போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 என்று சேர்த்தால் அது மெஷினுக்குள்ளேயே அடங்கும். வெளியே தெரிய வேண்டியவை, மற்ற நோடுகளோடு பேசும் 30303, 9000 போன்ற போர்ட்டுகள் மட்டும்தான். வீட்டு பிராட்பேண்டில் பலருக்குத் தனி பப்ளிக் ஐபி இருக்காது, சிஜிநாட் பின்னால் இருப்பார்கள். அப்படியும் நோடு ஓடும், ஆனால் வெளியிலிருந்து யாரும் தேடி வர முடியாது. அக்கம்பக்க நோடுகள் குறைவாகவே சேரும்.

அதற்குக் கிளவுட் எடுத்தால்? 2022 நவம்பரில் ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் நிறுவனம், தன் விதிமுறைகளைக் காட்டி சொலானா நோடுகளை முடக்கியது. அந்த நெட்வொர்க்கின் ஐந்தில் ஒரு பங்கு ஸ்டேக் ஒரே நாளில் தடுமாறியது. மலிவாக இருக்கிறது என்று எல்லோரும் ஒரே கடையில் வாங்கியதன் விளைவு.

எல்லோரும் ஒரே கோப்பைக் காப்பி அடித்தால்...

2024 ஜனவரி 21. நெதர்மைண்ட் கிளையன்ட்டில் இருந்த ஒரு பிழையால் அதை ஓட்டிய நோடுகள் நின்றன. நெட்வொர்க்கில் சுமார் 8 சதவீத வாலிடேட்டர்கள் ஆஃப்லைன். அவர்களுக்குச் சில மணி நேர வருமானம் போனது, சங்கிலி அசையவில்லை. ஆனால் அந்த நேரத்தில் எல்லோரும் கேட்ட கேள்வி வேறு: இதே பிழை கெத்தில் வந்திருந்தால்?

அப்போது மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்கள் ஓட்டியது கெத். பெயருக்கேற்ற கெத்துதான்: பழையது, நம்பகமானது, எல்லா வழிகாட்டியிலும் முதல் உதாரணம் அதுதான். எத்தேரியத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தால் ஒரு சங்கிலி இறுதியாகிவிடும். அந்த அளவு பேர் ஒரே பிழையால் தவறான சங்கிலிக்கு ஓட்டுப் போட்டால், தவறானதே இறுதியாகும். பிறகு சரியான பக்கத்துக்குத் தாவ நினைத்தால் அதுவே ஸ்லாஷிங். தாவாமல் நின்றால் டெபாசிட் மெல்லக் கசிந்துகொண்டே போகும்.

இது கற்பனைப் பயம் அல்ல என்பதை 2025 பிப்ரவரி காட்டியது. ஹோலெஸ்கி என்ற டெஸ்ட்நெட்டில் பெக்ட்ராவைச் சோதித்தபோது கெத், நெதர்மைண்ட், பெசு மூன்றிலும் டெபாசிட் கான்ட்ராக்ட்டின் முகவரி தவறாகப் பதிந்திருந்தது. ஒரே ஒரு கான்ஃபிக் மதிப்பு. பெரும்பான்மை நோடுகள் தவறான சங்கிலிக்குப் போய்விட்டன. மீண்டும் இறுதித்தன்மை வர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆனது. டெஸ்ட்நெட் என்பதால் யாருக்கும் காசு நஷ்டமில்லை.

எனவே கம்போஸ் கோப்பில் இயல்புநிலையாக எந்தக் கிளையன்ட் இருக்கிறது என்பது சாதாரணத் தொழில்நுட்ப முடிவு அல்ல. ஆயிரம் பேர் காப்பி எடுக்கும் கோப்பில் ஒருவர் போட்டு வைத்த பெயர், ஆயிரம் ஓட்டு. ராக்கெட் பூலின் மென்பொருள், கிளையன்ட்டைக் குலுக்கல் முறையில் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பைத் தருகிறது. நியாயமான யோசனை. தயாராகக் கோப்பு தரும் மற்றவர்களும் முதல் வரியில் கெத்தை எழுதி வைக்காமல், தேர்வை ஓட்டுபவர் கையில் கொடுக்கலாம். கன்டெய்னரில் கிளையன்ட் மாற்றுவது இமேஜ் பெயரை மாற்றி மறுபடி சின்க் செய்வதுதான். டாக்கர் இல்லாத காலத்தில் இது பெரும்பாடு. பன்மைத்தன்மையை இவ்வளவு மலிவாக்கிய கருவியைக் கொண்டே எல்லோரும் ஒரே மாதிரி ஆவது வேடிக்கை.

'லேட்டஸ்ட்' என்ற டேக்கும், தானாக இமேஜை இழுத்துப் போடும் கருவிகளும் இதே ரகம்தான். பிழையுள்ள வெர்ஷன் வந்த ராத்திரியே எல்லோர் மெஷினிலும் அது ஏறிவிடும். வெர்ஷன் எண்ணைக் கையால் எழுதி, வெளியீட்டுக் குறிப்பைப் படித்து, ஓரிரு நாள் பொறுத்து மாற்றுவது சோம்பேறித்தனம் அல்ல. ஹார்டு ஃபோர்க் வரும்போது மட்டும் அந்தப் பொறுமைக்குத் தேதி உண்டு. அதற்குள் மாற்றாத நோடு பழைய சங்கிலியில் தனியாக நிற்கும்.

யாருக்கு இது?

32 ஈதர் இருப்பவர்கள் குறைவு. குறைந்த தொகையோடு நுழைய ராக்கெட் பூல், லிடோவின் கம்யூனிட்டி ஸ்டேக்கிங் போன்ற வழிகள் இருக்கின்றன. அங்கே மற்றவர்களின் பணமும் அந்தக் கன்டெய்னரை நம்பித்தான் இருக்கும். இந்தியாவில் 2022 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, விற்பனையில் 1 சதவீத டிடிஎஸ். 3 சதவீத வருமானத்தில் இதையும் கழித்துவிட்டுப் பார்த்தால், 'பேசிவ் இன்கம்' என்ற விளம்பர வார்த்தைக்கு இங்கே இடமில்லை. ராத்திரி அலர்ட் வந்தால் எழுந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்கிற வேலைக்கு எப்படி அந்தப் பெயர் பொருந்தும்?

கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்குப் பணமே தேவையில்லை. 2025 மார்ச்சில் தொடங்கிய ஹூடி என்ற டெஸ்ட்நெட் இதற்காகவே இருக்கிறது. அதே இமேஜ், அதே கம்போஸ் கோப்பு, நெட்வொர்க் பெயர் மட்டும் மாற்றம். அங்கே ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டுவது மட்டும் போதாது. வேண்டுமென்றே பிளக்கைப் பிடுங்க வேண்டும், வால்யூமை அழிக்க வேண்டும், சாவியை வேறு மெஷினுக்கு மாற்ற வேண்டும், பாதியில் கன்டெய்னரைக் கொன்று பார்க்க வேண்டும். பழைய மெஷினுக்குக் கரன்ட் வந்தால் என்னென்ன தானாக எழுந்து நிற்கும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஹூடியில் அதைத் தெரிந்துகொள்ள ஆகும் செலவு டெஸ்ட்நெட் ஈதர். அது விலை பேச முடியாத பண்டம்.